எண்பது கண்கள்

பரிமளத்தின் வில்லாளிகள் அன்றும் ஓடினார்கள்.

சாருமதியின் குதிரைப்படை அப்போது ஆற்றைக்கூடக் கடந்திருக்கவில்லை. மேசைக்கு அடியில் ஏதோ மெல்ல முனகியது. இடப்பக்கம் நின்ற நாற்பது வில்லாளிகளின் காலடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் அந்தப் படை பின்வாங்கியாக வேண்டும். பரிமளம் அக்கா மறுபேச்சில்லாமல் நாற்பது பேரையும் தட்டோடு தூக்கி மேசை விளிம்பில் வைத்தார். அக்டோபரிலிருந்து அவர்கள் இறங்கிய மூன்று ஆட்டத்திலும் இப்படித்தான் நடந்தது.

"நீ நகத்து அம்மிணி," என்றார்.

சாருமதி நகர்த்தவில்லை. வில்லாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவனும் அவளுடைய கட்டைவிரலில் பாதி உயரம். நான்கே அச்சுகளில் வார்த்த நாற்பது பேர். ஆனாலும் ஒருவனைப்போல இன்னொருவன் இல்லை. ஒருவனுடைய கொண்டை அவிழ்ந்து கழுத்தில் வழிந்தது. இன்னொருவனின் கெண்டைக்காலில் முள் கீறிய கோடு. வெற்றிலை போட்டிருந்த ஒருவனுக்கு உதட்டோரம் ஒரே ஒரு பொட்டுச் சிவப்பு. அரையாடையின் மடிப்புகளுக்குள் பழுப்பு நிழல், மேடுகளில் வெயில். அந்த வெயில் நாற்பது பேர் மீதும் ஒரே திசையிலிருந்து விழுந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் ஏன் ஓட வேண்டும்?

கணபதி என்ற பகுதியில் பரிமளத்தின் வார்ப்புப் பட்டறைக்கு மேல் மாடியில் இந்த மேசை இருந்தது. கீழே வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் பம்புக்கு உதிரிபாகம் வார்ப்பார்கள். ஏழாம் நாள் மாடியில் சோழர்களும் சாளுக்கியர்களும் மோதிக்கொள்வார்கள். சோழர் படை பரிமளத்துடையது, சாளுக்கியர் படை சாருமதியுடையது.

சாருமதி கண் மருத்துவர். ஏழு வருடங்களுக்கு முன் கண்ணில் இரும்புத் துணுக்கு விழுந்து அவளிடம் வந்தார் பரிமளம். அவள் அதை ஊசிமுனையால் எடுத்துவிட்டு, கட்டுப் போட்டு அனுப்பினாள். மூன்றாம் நாள் பரிமளம் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சின்மேல் ஒரு வாள்வீரன் படுத்திருந்தான். எல்லாம் முடிந்திருந்தது, கண் மட்டும் இல்லை. பரிமளம் மூன்று மயிர்களே உள்ள ஒரு தூரிகையை நீட்டி, கண்ணை நீ வை என்றார்.

தான் ஏன் வைக்க வேண்டும் என்று சாருமதி கேட்டாள்.

"எங்க கிளப்பு வழக்கம் அது. எதிரிதான் கண்ணத் தொறக்கோணும்."

"நான் உங்களுக்கு எதிரியா?"

"ஆயிக்கோயேன். எனக்கு நல்ல எதிரி ஒருத்தரும் சிக்க மாட்டீங்கறாங்க."

அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் கிளப்பில் இருந்த நல்லசிவம் என்ற பேருந்து ஓட்டுநர். சிற்பிகள் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். நம் வீரன் முதலில் பார்க்க வேண்டியது எதிராளியின் முகத்தைத்தானே, அதனால் எதிராளியே திறக்கட்டும் என்று விளையாட்டாகச் சொன்னார். அது நிலைத்துவிட்டது. கண் இல்லாத வீரனைக் களத்தில் இறக்கக் கூடாது என்பது அதோடு சேர்ந்த விதி.

அன்றைக்கே சாருமதி எதிரியாகிவிட்டாள். ஏழு வருடங்களில் அவளுடைய சாளுக்கியர் நூற்றெண்பது பேராக வளர்ந்தார்கள். பரிமளத்தின் சோழர்கள் ஐந்நூறைத் தாண்டினார்கள்.

பரிமளம் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே அவள் சில நாள் சீக்கிரமாக வருவாள். வெள்ளீயத்தை உருக்கி ரப்பர் அச்சில் ஊற்றி, ஆறியதும் வீரனைப் பிரித்தெடுத்து, இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டை அரத்தால் எடுப்பார் பரிமளம். அந்தக் கோடு விட்டுப்போனால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் வீரன் பொம்மையாகத்தான் தெரிவான். பிறகு அவனைச் சோடா மூடியில் ஒட்டி அடிப்பூச்சு. அதன்மேல் நிறம். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பழுப்பு, பள்ளங்களில் இறங்கி நிழலாகும். கடைசியில் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, ஈரமே இல்லாத நுனியால் மேடுகளை மட்டும் தடவுவார். அந்தத் தடவலில் வீரனுக்கு வெயில் வந்துவிடும். காலடி மண்ணுக்கு, குடித்து மிஞ்சிய தேயிலைத் தூளைக் காயவைத்து ஒட்டுவார். புல்லுக்குத் தேங்காய் நார்.

கோயில் கோயிலாகப் போய்ப் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்து, கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அரையாடையை எப்படிக் கட்டினார்கள் என்று குறித்துக்கொண்டு வருவார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் சாருமதிக்குத் தன் மருத்துவப் படிப்பைப் பற்றி லேசான வெட்கம் வரும்.

மேசை வந்தது மூன்று வருடங்களுக்கு முன்புதான். அதைச் செய்தவன் யுகேந்திரன், சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். முப்பது வயது. அதிகம் பேசமாட்டான். மேசையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவான்.

"சாயத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்குங்க. ஈரமா இருக்கறப்ப பிரஷ் எப்படிப் போகுதோ, அப்படியே அந்தத் தூள் படுத்துக்கும். காஞ்சப்புறம் அசையாது. மேசை அதப் படிக்குது. கை எங்க நிதானமாப் போச்சு, எங்க தயங்குச்சு, எங்க நடுங்குச்சு, எல்லாமே."

"இதுல வீரம் எங்க வருது?" என்று அப்போது சாருமதி கேட்டிருந்தாள்.

"வீரம் எல்லாம் இல்லீங்க டாக்டர். வரைஞ்ச கையோட நிதானத்தத்தான் பொம்மையோட தைரியம்னு வெச்சுக்கறோம். ஒரு ஆளுமேல எந்தக் கோடு ரொம்ப நடுங்கியிருக்கோ, அதுதான் அவனோட மார்க்கு."

நினைவுச் சாயம் என்று அதற்குப் பெயர். போலி ஓவியங்களைப் பிடிப்பதற்காகக் கண்டுபிடித்தது. யார் வரைந்தாலும் அவருடைய கை அதில் கையெழுத்தைப்போலப் பதிந்துவிடும். விளையாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டபோது எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. கவனமாக வரைந்த படை நின்று போராடியது. அவசரத்தில் பூசிய படை ஓடியது. உழைப்புக்கு இதைவிட நேர்மையான மதிப்பெண் இல்லை என்றார் பரிமளம்.

பிறகு மற்றவர்களும் அந்தச் சாயத்தைக் கவனித்தார்கள். ஓட்டுநர்களுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் கை நடுங்கவில்லை என்ற கைச்சான்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமானது. ஒரு தாளில் இருபது கோடு வரைந்து கொடுத்தால் போதும். சில நிறுவனங்களுக்கு அதற்குக்கூடப் பொறுமையில்லை. எங்கோ ஒரு போட்டி மேசையில் பதிவான நல்லசிவத்தின் கைப்பதிவு அவர் வேலை செய்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு நடுக்க நோய்கூட இல்லை, மனைவி மருத்துவமனையில் கிடந்த மாதத்தில் வரைந்த குதிரைகள் அவை. அதை யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவரைப் பணிமனையில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். அதன்பின் அவர் தூரிகையைத் தொடவில்லை.

அன்றுமுதல் இந்த மாடியில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. மேசை ஒரு வீரனுக்கு ஒரு மதிப்பெண் சொல்லும். அந்த நடுக்கம் எந்த அடுக்கில், யாருடைய கையில் என்று பிரித்துக் காட்டாது. அந்த வசதியை யுகேந்திரனே எல்லோர் முன்னாலும் பூட்டி வைத்தான்.

ஆட்டம் சாருமதியின் வெற்றியில் முடிந்தது. அவளுக்கு அதில் மகிழ்ச்சியில்லை. களத்தில் இறங்கியவர்களில் வில்லாளிகள்தான் பரிமளம் கடைசியாக முடித்த படை, செப்டம்பரில். அதற்கு முன் வரைந்த யாரும் ஓடவில்லை. சாருமதி இந்த வருடம் தன் படைக்குப் புதிதாக யாரையும் வரையவில்லை. பரிமளத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. கீழே அவர்தான் உருகிய இரும்பை இன்றைக்கும் தன் கையால் அச்சில் ஊற்றுகிறார். சாருமதியின் மனம் கையை நடுங்கவைக்கும் ஒரு நோயின் பெயருக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. பரிமளத்தின் வலது கண்ணில் இருந்த புரையைப் பிப்ரவரியில் அவள்தான் எடுத்தாள். இடது கண்ணுக்கு அக்டோபரிலிருந்து மூன்று தேதி கொடுத்தாயிற்று. மூன்றையும் பரிமளம் தள்ளிப்போட்டார். மருத்துவமனைக்கு வந்தால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாரோ?

அன்றும் கேட்டாள். பொங்கல் கழியட்டும் என்றார் பரிமளம். சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து பன்னிரண்டு யானைகளைக் காட்டினார். முகபடாம், மணி, மேலே அம்பாரி, அதில் மூன்று மூன்று வீரர்கள். எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இன்னிக்காச்சும் வெச்சுட்டுப் போறியா?"

கண் முகாம் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள் சாருமதி. யானைகளுக்குக் கண் வைக்கச் சொல்லிப் பரிமளம் கேட்டது அது நான்காவது தடவை.

ஜனவரியில் திருச்சியில் மாநிலப் போட்டி. அங்கே ஒப்பந்தம் கிடையாது. கூலிக்கு ஆள் வைத்து வரையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு படையையும் அடுக்கடுக்காகப் பிரித்து, இருநூறு பேர் முன்னால் பெரிய திரையில் காட்டுவார்கள். அதில் பரிமளத்தின் கை தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே சாருமதிக்குப் பிடிக்கவில்லை. நல்லசிவத்தின் முகம் நினைவுக்கு வந்தது. புறப்படும்போது வெற்றிலை போட்ட வில்லாளியை எடுத்து கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை அவனோடு யுகேந்திரனின் அலுவலகத்துக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையை ஆட்டினான். முடியாது என்றான். நல்லசிவத்தின் பெயரைச் சொல்லித்தானே அதைப் பூட்டினோம் என்றான். திருச்சியில் எல்லோரும் பார்க்கப்போவதை முன்கூட்டி ஒரு மருத்துவர் மட்டும் பார்ப்பது தப்பா என்று அவள் கேட்டாள்.

"நீங்க மட்டும் பாருங்க. நான் திரும்பி உக்காந்துக்கறேன். எங்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றான்.

வில்லாளியை ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திரையில் அடுக்குகள் ஒவ்வொன்றாக உரிந்து வந்தன. அடிப்பூச்சு. தோலின் நிறம். துணி. நிழல். ஒவ்வொரு அடுக்கிலும் பரிமளத்தின் கை கோடுகளாகத் தெரிந்தது. அந்தக் கோடுகளில் ஒரு பிசிறு இல்லை. கம்பியை இழுத்துக் கட்டியதுபோல் இருந்தன. முள் கீறலை வரைந்த கோடு ஆரம்பித்த இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரே அழுத்தம். உதட்டோரத்துச் சிவப்பு ஒரே தொடுதல், வைத்தார், எடுத்தார். ஐம்பத்து நான்கு வயதில், புரை விழுந்த ஒரு கண்ணோடு. சாருமதி தன் பயத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. சிரிக்கக்கூடத் தோன்றியது.

கடைசி அடுக்கு வந்தது.

இரண்டு வெள்ளைத் தீற்றல், இரண்டு கறுப்புப் புள்ளி. நான்கும் ரம்பத்தின் பல்போல் இருந்தன. ஓரத்தில் திரை எழுதியது: நொடிக்கு ஐந்து நடுக்கம். அதற்குக் கீழே: இரண்டாம் கை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. மாடியில் சன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் சாருமதிதான் கண் திறந்தாள். எண்பது கண்கள். பரிமளம் நடுவில் காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவள் கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. மடியில் இருந்த கையைத் தூக்கிப் பார்த்தாள். அசையாமல் இருந்தது.

பதினெட்டு வருடத்தில் இருபதாயிரம் கண்களைத் தொட்ட கை. பரிமளத்தின் கையைச் சந்தேகப்பட்டவளுக்கு அதைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

"அக்காவுக்கு ஏதாச்சும்..." என்றான் யுகேந்திரன், சன்னலைப் பார்த்தபடி.

"அவங்க கையில ஒண்ணும் இல்ல."

கண்ணை யார் திறப்பார்கள் என்ற வழக்கம் அவனுக்கும் தெரியும். பதிவை அழித்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அழிக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வில்லாளியைச் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தினாள். தூரிகைப் பெட்டியைத் திறந்தாள். செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. கண்ணில் இருக்கும் சாயத்தைச் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்துவிட்டு, யுகேந்திரனையோ வேறு யாரையோ கண் வைக்கச் சொன்னால் முடிந்தது. நாற்பது பேர். அரை நாள் போதும். அவளுடைய கைச்சான்று ஏப்ரல்வரை செல்லும். போன ஏப்ரலில் வரைந்த இருபது கோடும் சுத்தம். அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. வில்லாளிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

பஞ்சை நனைத்து அவன் முகத்தருகே கொண்டுபோனாள். அவன் அவளைப் பார்த்தான். அவன் முதன்முதலில் பார்த்த முகம் அவளுடையது.

கண்ணின் வில்லைக்குப் பின்னால் ஒரு சவ்வு இருக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. புரையை எடுக்கும்போது அது கிழியக் கூடாது. வருடத்துக்கு ஒன்று அவள் கையில் கிழிந்திருக்கும். இந்த அக்டோபரிலிருந்து இரண்டு. இரண்டு பேருக்கும் பார்வை வந்துவிட்டது. முற்றிய புரை, கிழியத்தான் செய்யும் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு மறந்திருந்தாள். அந்த இருவரின் பெயரும் இப்போது நினைவுக்கு வந்தன.

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அவளுடைய பட்டியலில் பதினோரு அறுவைச் சிகிச்சைகள் இருந்தன. இயந்திரக் கை வாங்க வசதியில்லாத மருத்துவமனை அது. எல்லாம் மனிதக் கைதான். காலை ஏழரைக்குத் தலைமை மருத்துவரின் அறைக்குப் போய், இனிமேல் தான் கத்தியைத் தொடப்போவதில்லை என்றாள். அந்த இரண்டு நோயாளிகளின் பெயரையும் சொன்னாள். அவர் திகைத்துப்போய், சான்று சரியாகத்தானே இருக்கிறது, எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்டார்.

"ஒரு வில்லாளி சொன்னான் சார்," என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. நரம்பியல் மருத்துவர் இரண்டு நாள் கழித்து அதையே நீளமான பெயரில் சொன்னார். ஆரம்ப நிலை, மாத்திரையில் பல வருடம் கட்டுக்குள் இருக்கும், அறுவைச் சிகிச்சை மட்டும் வேண்டாம் என்றார்.

ஞாயிறன்று மாடிக்குப் போனபோது பரிமளம் தனியாக உட்கார்ந்து ஒரு புதிய வாள்வீரனின் முதுகை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாருமதி வில்லாளியை அவர் முன் வைத்தாள். எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்ததையும் சொன்னாள். மருத்துவமனையில் சொன்னதையும் சொன்னாள். அரம் நின்றுவிட்டது.

"ஓடறானேன்னு பாக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுது அம்மிணி," என்றார் பரிமளம். "பூதக்கண்ணாடில பாத்தேன். கண்ணுப் பொட்டு ஓரம் மணிமணியா இருந்துது. உன்ற பொட்டு எப்பவும் அப்படி இருக்காது."

"ஏன் சொல்லல?"

"நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்காம வந்திருப்பேன்னு நெனச்சேன். அதான் யானைக்கு வெய்யி, யானைக்கு வெய்யின்னு நச்சரிச்சேன். இன்னொருக்கா பாத்தாத் தெரிஞ்சிரும்ல. நீ வெக்கவே மாட்டீனுட்ட."

சாருமதி கேட்டாள்: "அப்ப உங்க இடது கண்ணு?"

பரிமளம் அரத்தைத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"என்ற கண்ண மட்டும் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். மத்தவிங்க உங்கிட்ட ஆப்பரேசனுக்குப் படுத்துட்டுத்தான இருந்தாங்க. அத நெனச்சா சோறு எறங்கல. சொல்லீரலாம்னு ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். நல்லசிவத்துக்கும் ஆரோ ஒருத்தர் சொல்லித்தான ஆச்சுன்னு திரும்பீட்டேன். தப்புத்தான். நீ என்னத் திட்டு."

சாருமதிக்குக் கோபம் வந்தது. இருவரில் ஒருத்தியாவது வாயைத் திறந்திருந்தால் அந்த இரண்டு சவ்வும் கிழிந்திருக்காதோ என்று நினைத்தாள். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் தன் கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தவர் அவர். தானோ பார்க்கக்கூட நினைக்கவில்லை. கோபம் யார்மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சன்னலருகே போய் நின்றாள். கீழே ஞாயிற்றுக்கிழமையிலும் யாரோ மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது திருச்சிக்குப் பெட்டிகள் தயாரா என்று கேட்டாள். பரிமளம் இல்லையென்று தலையை அசைத்தார். போன வாரமே போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாராம். அங்கே அடுக்கைப் பிரித்தால் சாருமதியின் கை எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால். ஏழு வருடம் வார்த்த ஐந்நூறு பேரையும் தீப்பெட்டிகளில் அடுக்கி, அலமாரியில் பூட்டியிருந்தார். அதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது, துணியை எடுத்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னார்.

"வில்லாளிக கண்ண அழிச்சுட்டு வேற ஆர்கிட்டயாச்சும் வெச்சிருந்தா போயிருக்கலாமேக்கா."

"தொறந்த கண்ண அழிக்கறதா?" என்றார் பரிமளம்.

சாருமதி யானைகள் இருந்த அலமாரியைத் திறந்தாள். தூரிகையை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். போட்டிக்குப் பெயரைத் திரும்பக் கொடுக்கச் சொன்னாள். தான் இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றாள். முதல் யானையை அடித்தட்டோடு பிடித்தபோது, ஒரு விஷயம் உறைத்தது.

"நடுங்கும். யானையும் ஓடிருமே."

"ஓடட்டுமே. பயம் இருக்கற யானைதான் சொன்ன பேச்சுக் கேக்கும். பயமே இல்லாததுக்கு நம்மாளும் ஒண்ணுதான், எதிராளியும் ஒண்ணுதான்." பரிமளம் எழுந்து மேசைக்குப் போனார். "இங்க வந்து பாரு. வில்லாளிக இங்க நிப்பாங்க. குதிரை வரும். இவிங்க ஓடுவாங்க. எப்ப ஓடுவாங்க, எவ்வளவு தூரம் ஓடுவாங்கன்னு மூணு ஆட்டத்துல அளந்து வெச்சிருக்கறேன். தோத்தது சும்மாவா? ஓடறவனத் தொரத்தறதுக்குக் குதிரைக்காரன் இப்படித் திரும்புவான். திரும்புனா இந்தத் தோப்பு. தோப்புக்குப் பின்னால யானை."

சாருமதி மேசையைப் பார்த்தாள். தன் கையின் நடுக்கத்தை எடுத்து ஒருவர் வியூகமாக வகுத்து வைத்திருந்தார். இவ்வளவு நல்ல வியூகத்தைத் தன்மேல் ஏன் பிரயோகிக்கவில்லை என்று கேட்டாள்.

"குருட்டு யானைய எப்படிக் களத்துல எறக்கறது?" என்றார் பரிமளம். "உன்னத்தான கேட்டுட்டே இருந்தேன்."

திருச்சியில் மண்டபம் நிறைந்திருந்தது. சோழர் படை மேசையில் ஏறியதும் பக்கத்துக் கூடத்திலிருந்தவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் வெற்றிலை போட்டவனைக் கண்டுபிடித்துவிட்டார். சிலர் குனிந்து யானை மணிகளுக்குள் நாக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.

பெரிய திரையில் அடுக்குகள் பிரிந்தன. பரிமளத்தின் கோடுகள் வரவர மண்டபத்தில் சத்தம் குறைந்தது. கடைசி அடுக்கில் நடுவர் நிறுத்தினார். வில்லாளிகள், யானைகள் இரண்டிலும் கண் மட்டும் வேறு கை, நொடிக்கு ஐந்து நடுக்கம் என்று வாசித்தார். எதிராளி கண் திறக்கும் வழக்கத்தை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் அந்தக் கைக்கு உரியவர் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்.

"யாருடைய கை இது?"

இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் பரிமளம் எழுந்து, இதைக் கேட்டே ஆக வேண்டுமா என்று நடுவரிடம் சண்டைக்குத் தயாரானார். சாருமதி கூட்டத்தில் பேசிப் பழகாதவள். பேசவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தினாள். நடுவர் பெயரைக் குறித்துக்கொள்ளும்வரை அது அப்படியே நின்றது. நடுங்கியதா என்று அவள் பார்க்கவில்லை.

எதிரே ஓசூரைச் சேர்ந்த ஜெயவேல் என்பவரின் படை. மோட்டார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அவருடைய குதிரைப்படையில் ஒரு வீரனுக்குக்கூட நூற்றுக்கு எண்பதுக்குக் குறைந்த தைரியம் இல்லை. ஆட்டம் ஆரம்பித்த இரண்டாம் சுற்றில் வில்லாளிகளின் காலடியில் சிவப்பு எரிந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பரிமளம் நாற்பது பேரையும் தட்டோடு எடுத்து விளிம்புக்கு நகர்த்தினார். தைரியமான குதிரைகள் துரத்திக்கொண்டு திரும்பின. தோப்பைக் கடந்தன.

பன்னிரண்டு யானைகளில் இரண்டுக்குச் சிவப்பு எரிந்தது. துரத்தி வந்தவர்கள் பக்கவாட்டைக் காட்டியதில், மற்ற பத்தும் நின்றன.

பத்து போதுமானதாக இருந்தது.

ஆட்டம் முடிந்தபின் பரிமளம் வில்லாளிகளைத் தீப்பெட்டிகளில் வைக்க ஆரம்பித்தார். ஓடியதால் ஒருவன்கூடச் சாகவில்லை. சாருமதி ஒவ்வொரு பெட்டியிலும் பஞ்சு வைத்துக் கொடுத்தாள். அப்போது ஜெயவேல் மேசையைச் சுற்றி வந்து அவள் எதிரில் நின்றார். உள்ளங்கையில் பாதி முடிந்த ஒரு குதிரைவீரன் இருந்தான். கண் இருக்கும் இடத்தில் வெள்ளையாக இரண்டு குழி.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்," என்றார். "என் ஆளுங்க யாருக்கும் ஓடத் தெரியல. இந்தப் படையில ஒரு இருபது பேருக்கு நீங்க கண் தொறந்து தரணும்."

சாருமதி அந்த வீரனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முதுகில் அச்சுக் கோடு போகாமல் இருந்தது. அதைப் பரிமளத்திடம் காட்டினாள். பரிமளம் இடுப்பிலிருந்து அரத்தை எடுத்தார்.

"பிரஷ் வெச்சிருக்கீங்களா?" என்று ஜெயவேலிடம் கேட்டாள் சாருமதி.